தொழுவத்தில் விழுந்த மாடும் இரண்டு மணி நேரக் கணக்கும்: இறைச்சிக்கூடத்துக்கு வெளியே அவசர அறுப்பின் விதிகள்

ஈரமான சிமெண்ட் தரையில் வழுக்கி, பின்னங்கால் முறிந்து கிடக்கிறது 600 கிலோ எடையுள்ள ஒரு கறவை மாடு. அன்று காலை வரை தீவனம் தின்ற மாடுதான். காய்ச்சல் இல்லை, மடிநோய் இல்லை. ஆனால் இனி அது எழுந்து நடக்கப்போவதில்லை. லாரியில் இழுத்து ஏற்றுவது கொடுமை, சட்டவிரோதமும் கூட. அங்கேயே வலியில் விட்டுவைப்பதும் சட்டவிரோதம்தான். இந்த இடுக்கில் மாட்டிக்கொண்ட விலங்குக்காக ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் ஒரு சிறிய வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல்தான் இறைச்சிக்கூடத்துக்கு வெளியே நடக்கும் அவசர அறுப்பு.

வாசல் சிறியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உணவுக்கான விலங்கு உயிரோடு இறைச்சிக்கூடத்துக்கு வரவேண்டும், அங்கே அறுப்புக்கு முன்னும் பின்னும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பதே ஐரோப்பிய இறைச்சிச் சட்டத்தின் அடித்தளம். அவசர அறுப்பு இதற்கு ஒரு விதிவிலக்கு. கால் முறிந்த மாடு நுழையும் அதே வழியில், நோயில் விழுந்த மாட்டையும் "விபத்து" என்று சொல்லி நுழைத்துவிடலாம். இந்த விதிகளில் உள்ள காகிதமும் கையெழுத்தும் கடிகாரமும் பெரும்பாலும் அந்த ஒரு ஓட்டையை அடைப்பதற்காகவே வந்தவை. இதை மனத்தில் வைத்துப் படித்தால், விதிகள் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கின்றன என்பது தானே விளங்கும்.

முதல் பத்து நிமிடத்தில் முடிவாகும் மூன்று வழிகள்

விழுந்த மாட்டின் முன் நிற்கும் பண்ணையாளருக்கு மூன்று வழிகள். சிகிச்சை தரலாம், உணவுக்காக அவசரமாக அறுக்கலாம், அல்லது வலியிலிருந்து விடுவிக்கக் கொன்று, கழிவாக அப்புறப்படுத்தலாம். பலர் கவனிக்கத் தவறுவது, ஒரு வழியில் கால் வைத்தால் மற்றவை மூடிக்கொள்ளும் என்பதை.

மருந்துப் பெட்டியைத் திறப்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. வலியில் துடிக்கும் மாட்டைப் பார்த்ததும் மெலோக்சிகாம் ஊசி போடத் தோன்றும், இரக்கமான செயல்தான். ஆனால் அந்த ஊசிக்கு மாட்டிறைச்சியில் 15 நாள் காத்திருப்புக் காலம் உண்டு. மருந்து உடலை விட்டு நீங்கி, இறைச்சி உண்ணத் தகுதி பெறும் வரையிலான இடைவெளிதான் காத்திருப்புக் காலம். ஊசி போட்ட அரைமணி நேரம் கழித்து அறுப்பவரை வரவழைத்துப் பயனில்லை. உணவுக்கான விலங்குகளுக்கு அனுமதிக்கப்படாத மருந்தை மருத்துவர் தன் பொறுப்பில் கொடுத்திருந்தால், கால்நடை மருந்துகளுக்கான 2019/6 ஒழுங்குமுறை இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள் வைக்கிறது. கால்சியம் போரோகுளுக்கோனேட் போன்ற சிலவற்றுக்குக் காத்திருப்புக் காலம் பூஜ்யம், அவை தடையாகாது. பென்டோபார்பிட்டால் ஏற்றிக் கொல்லப்பட்ட உடலோ உணவுக்கும் தீவனத்துக்கும் எக்காலத்திலும் ஆகாது.

ஆகவே மருத்துவரை அழைக்கும் முதல் தொலைபேசியிலேயே "அவசர அறுப்புக்கு வாய்ப்பு உண்டா?" என்ற கேள்வியும் போக வேண்டும். அவர் வந்து ஊசி போட்ட பிறகு கேட்டால் பதில் ஒன்றுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கொல்லும்போது விலங்குகளைக் காக்கும் 1099/2009 ஒழுங்குமுறையின் 19-ஆம் பிரிவு, அவசரக் கொலை தேவைப்படும் நிலையில் விலங்கைக் கூடிய விரைவில் கொல்ல எல்லா நடவடிக்கையும் எடுக்கும் கடமையை வளர்ப்பவர் மேல் வைக்கிறது. கடுமையான வலி, அதைத் தணிக்க வேறு நடைமுறை வழி இல்லை என்பதே அந்த நிலை. மருத்துவர் வர மூன்று மணி நேரமாகும், மாடு திறந்த எலும்பு முறிவோடு அலறுகிறது என்றால், இறைச்சியைக் காப்பாற்றுவதற்காக அதைக் காக்க வைக்க முடியாது. அப்போது அது அவசர அறுப்பு அல்ல, அவசரக் கொலை. சொல்லில் சிறிய வேறுபாடு. சட்டத்தில் இரண்டும் வேறு வேறு உலகம்: முதலாவதன் உடல் உணவாகலாம், இரண்டாவதன் உடல் விலங்குக் கழிவு மட்டுமே.

"மற்றபடி ஆரோக்கியமான விலங்கு"

மையமான விதி 853/2004 ஒழுங்குமுறையின் மூன்றாம் இணைப்பில், முதல் பகுதியின் ஆறாம் அத்தியாயத்தில் இருக்கிறது. மாடு, எருமை, பன்றி, ஆடு, குதிரை போன்ற வளர்ப்புக் குளம்பு விலங்குகளுக்கு மட்டுமே அது பொருந்தும். கோழிக்கு இந்த வழி இல்லை. அதன் முதல் நிபந்தனை: மற்றபடி ஆரோக்கியமாக இருந்த விலங்கு ஒரு விபத்துக்கு ஆளாகி, அந்த விபத்தால், விலங்கு நலன் கருதி, இறைச்சிக்கூடத்துக்குக் கொண்டுபோக முடியாத நிலை வந்திருக்க வேண்டும்.

இந்த ஒரே வாக்கியத்தில் மூன்று பூட்டுகள். ஆரோக்கியம், விபத்து, பயணிக்க இயலாமை. மூன்றும் ஒன்றாகத் திறந்தால்தான் கதவு திறக்கும்.

பயணிக்க இயலாமையை அளப்பது 1/2005 போக்குவரத்து ஒழுங்குமுறை. வலியின்றித் தானே நகர முடியாத, அல்லது உதவியின்றி நடக்க முடியாத விலங்கு பயணத்துக்குத் தகுதியற்றது. கடுமையான திறந்த காயமோ உறுப்புத் தள்ளலோ இருந்தாலும் அப்படியே. கர்ப்பகாலத்தில் 90 சதவீதத்தைக் கடந்தவை, கன்று ஈன்று ஒரு வாரம் ஆகாதவை ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. பயணத்துக்குத் தகுதியற்றது என்பதாலேயே ஒரு விலங்கு அவசர அறுப்புக்குத் தகுதி பெற்றுவிடாது. நிறைசினையாக இருப்பது விபத்தல்ல.

பால் காய்ச்சலில் விழுந்து எழாத மாடு? அது வளர்சிதைமாற்றக் கோளாறு. அதன் பெயர் நோய். நாள்பட்ட குளம்பு அழற்சியால் நொண்டும் மாடு? இரண்டு வாரமாக நொண்டியதை இன்று விபத்து என்று சொல்ல முடியாது. மேய்ச்சலில் பள்ளத்தில் விழுந்து தோள்மூட்டு விலகியது, கம்பிவேலியில் சிக்கி நாளம் அறுந்து ரத்தம் நிற்காதது, வழுக்கிப் பின்னங்கால்கள் இரண்டும் விரிந்து இடுப்புத் தசை கிழிந்தது இவையெல்லாம் சந்தேகமில்லாத விபத்துகள். இடையில் ஒரு சாம்பல் நிலம் இருக்கிறது. திடீர் வயிறு உப்புசம், கன்று ஈனும்போது இடுப்பெலும்பு முறிவது போன்றவற்றில் வாசகத்தை நேராகப் படித்தால் முதலாவது விபத்தில் அடங்காது, இரண்டாவது அடங்கலாம். உறுப்பு நாடுகள் தத்தம் வழிகாட்டுதல்களில் இந்தக் கோட்டைச் சற்று முன்னும் பின்னும் இழுத்திருக்கின்றன. பக்கத்து நாட்டுப் பண்ணையாளர் செய்தார் என்பதை நம்பிக் காரியத்தில் இறங்குவது ஆபத்து.

காலமும் இந்த நிபந்தனையைத் தின்றுவிடும். 600 கிலோ உடல் ஒரே பக்கமாகக் கடினத் தரையில் கிடந்தால், அடியில் மாட்டிய தொடைத்தசைக்கு ரத்த ஓட்டம் குறைந்து, சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். "நாளை வரை பார்க்கலாம்" என்று விட்ட மாடு மறுநாள் காலையில் மற்றபடி ஆரோக்கியமான மாடாக இருக்காது.

உயிரோடு பார்த்தாக வேண்டும்

அறுப்பதற்கு முன் அரசின் அதிகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் (இனி, அதிகார மருத்துவர்) விலங்கை உயிரோடு பரிசோதிக்க வேண்டும். 2019 டிசம்பர் 14 அன்று புதிய ஆய்வு விதிகள் நடைமுறைக்கு வரும்வரை இதை எந்தக் கால்நடை மருத்துவரும் செய்யலாம் என்றிருந்தது. பண்ணைக்கு வழக்கமாக வரும் மருத்துவரே பார்த்து, கையெழுத்திட்டு அனுப்பிவிடுவார். 2019/624 ஒழுங்குமுறை அந்த வேலையை அதிகார மருத்துவரிடம் ஒப்படைத்தது. பண்ணையாளரிடம் கட்டணம் வாங்கும் ஒருவரே பண்ணையாளரின் வருமானத்தைத் தீர்மானிக்கும் சான்றிதழையும் தருவது சங்கடமான ஏற்பாடுதானே. ஆனால் ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு மலைக்கிராமத்துப் பண்ணைக்கு அதிகார மருத்துவர் எங்கிருந்து வருவார்? தனியார் மருத்துவர்களில் சிலரை இந்தப் பணிக்கென நியமித்து அதிகாரம் தருவதுதான் நடைமுறைத் தீர்வு. அந்தப் பட்டியலும் தொலைபேசி எண்களும் தொழுவத்துச் சுவரில் இருப்பது நல்லது. விபத்து நடந்த பிறகு தேடினால் நேரம் போய்விடும்.

மருத்துவர் என்ன பார்க்கிறார்? முதலில் அடையாளம்: காது வில்லை, கடவுச்சீட்டு எனப்படும் மாட்டின் அடையாள ஆவணம் அல்லது தரவுத்தளப் பதிவு. பிறகு உடல் வெப்பம். வளர்ந்த மாட்டுக்கு 38 முதல் 39.3 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. 40-ஐத் தாண்டினால், முறிந்த கால் மட்டும் காரணமல்ல என்று சந்தேகம் எழ வேண்டும். மூச்சு, சளிச்சவ்வின் நிறம், மடி, கருப்பை வெளியேற்றம், சாணம் எல்லாம் பார்க்கப்படும். நரம்புக் கோளாற்றின் அறிகுறிகளைத் தனியாகத் தேட வேண்டும். தள்ளாடி விழுந்துதான் கால் முறிந்ததா, முறிந்ததால்தான் விழுந்ததா என்பது மூளையைச் சிதைக்கும் 'பைத்திய மாட்டு நோய்' (பிஎஸ்ஈ) பரவிய காலத்திலிருந்து மிக முக்கியமான கேள்வி. கடைசியாகச் சிகிச்சைப் பதிவேடு.

மருத்துவர் வருவதற்குள் "வலி தாங்காமல்" பண்ணையாளர் கழுத்தை அறுத்துவிட்டால் கதை முடிந்தது. எவ்வளவு ஆரோக்கியமான மாடாக இருந்தாலும், உயிரோடு யாரும் பரிசோதிக்காத இறைச்சி உண்ணத் தகுதியற்றது. அவசர அறுப்புகள் வீணாகும் காரணங்களில் இது முதல் வரிசையில் நிற்கிறது.

மயக்குதல், ரத்தம் வடித்தல்

இறைச்சிக்கூடத்தில் மாட்டைத் தலை அசையாமல் பிடிக்கும் பெட்டி உண்டு. தொழுவத்தில் அது இல்லை. ஆனால் விழுந்த மாடு தலையை ஆட்டும். எனவே கயிற்றுத் தலைக்கட்டோடு தலையை ஒருவர் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்க, மற்றவர் சுடுவது வழக்கம். பிடிப்பவர் சுடும் திசையில் நிற்கக் கூடாது. பயன்படும் கருவி கேப்டிவ் போல்ட் துப்பாக்கி. குண்டு வெளியேறாது, எஃகுத் தண்டு ஒன்று மண்டையைத் துளைத்து உள்ளே போய்த் திரும்பிவிடும். மாட்டுக்குக் குறி: ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் கொம்படிக்கு ஒரு கோடு கற்பனை செய்தால், இரண்டும் வெட்டும் இடம். கண்களுக்கு நடுவே சுடுவது பழைய தவறு. அது மூளைக்குக் கீழே போய்விடும். கொம்பில்லாத செம்மறிக்கு உச்சந்தலையின் மிக உயர்ந்த இடத்தில், தாடைக்கோணத்தை நோக்கி நேர்க்கீழாக. பன்றிக்குக் கண்மட்டத்துக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் மேலே, வாலை நோக்கி. பன்றியின் மூளைக்கு முன்னே காற்றறைகள் இருப்பதால், வயதான பெரும்பன்றிகளில் போல்ட் துப்பாக்கி அடிக்கடி ஏமாற்றும்.

சுட்டதும் விலங்கு தளர்ந்து சாய வேண்டும். சீரான மூச்சு நிற்க வேண்டும். கருவிழியைத் தொட்டால் இமைக்கக் கூடாது. கண் ஒரே பார்வையில் உறைந்திருக்கும். பிறகு சில நொடிகளில் கால்கள் உதைக்கும். அது முதுகுத்தண்டின் எதிர்வினைதான், நினைவு திரும்பியதன் அடையாளம் அல்ல. ஆனால் மூச்சு மீண்டும் சீராக வந்தால் மயக்கம் போதவில்லை. உடனே இரண்டாவது முறை சுட வேண்டும். அதற்காகத்தான் இரண்டாவது துப்பாக்கியோ தோட்டாவோ தயாராகக் கையில் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஈரமான தோட்டா, அழுக்கேறிய தண்டு, தேய்ந்த ரப்பர் வளையம் இவைதான் வலுவற்ற சுடுதலுக்கு வழக்கமான காரணங்கள். வருடத்தில் இரண்டு முறை மட்டும் எடுக்கும் துப்பாக்கியில் இவை மூன்றும் ஒன்றாக இருப்பது புதிதல்ல.

போல்ட் துப்பாக்கி மயக்கத்தையே தருகிறது. சாவை உறுதி செய்வது ரத்தம் வடித்தல். 1099/2009 ஒழுங்குமுறைப்படி இரண்டு கழுத்துத் தமனிகளையும், அல்லது அவை பிரியும் தாய்த் தமனியையும் அறுக்க வேண்டும். மாட்டில் மார்பெலும்பின் முன்முனைக்கு அருகே குத்தி அந்தத் தாய்த் தமனியை அறுப்பது வேகமானது. சுட்டதிலிருந்து 60 நொடிக்குள் கத்தி இறங்க வேண்டும் என்பது நல்ல நடைமுறை. மாட்டின் ரத்தம் உடல் எடையில் சுமார் 6 முதல் 8 சதவீதம். நன்றாக வடித்தால் அதில் ஏறத்தாழ பாதி வெளியேறும். 600 கிலோ மாட்டில் அது 20 லிட்டர் அளவு. படுத்த நிலையில் வடித்தால் குறைவாகத்தான் வரும், அதனால் டிராக்டரின் முன்தூக்கியில் பின்னங்காலைக் கட்டித் தூக்குவது வழக்கம். முடியாவிட்டால் கழுத்து தாழ்வாக இருக்கும்படி சரிவில் கிடத்தலாம். வடிந்த ரத்தத்தைச் சாக்கடையில் விடக்கூடாது. தொட்டியில் பிடித்து விலங்குக் கழிவாகக் கையாள வேண்டும்.

போல்ட் துளையில் ஒரு கம்பியை விட்டு மூளையைக் குலைத்து உதைப்பை நிறுத்தும் பழைய முறை ஒன்றுண்டு. மாடும் ஆடும் உணவுக்கு அறுக்கப்பட்டால் அதற்கு 999/2001 ஒழுங்குமுறை தடை விதித்திருக்கிறது. மூளைத் துணுக்குகள் ரத்த ஓட்டத்தில் கலந்து உடல் முழுக்கப் பரவக்கூடும் என்பதே காரணம். உணவுக்கல்லாத அவசரக் கொலையில் இதே கம்பி நல்ல கருவி. பழக்கதோஷத்தில் தவறான இடத்தில் கம்பியை எடுத்துவிட்டால் முழு உடலும் கழிவு. துளையிலிருந்து மூளைத்திசு கசியாதபடி ஒரு அடைப்பானைச் செருகுவதும் நல்லது.

இரண்டு மணி நேரம்

ரத்தம் வடிந்த உடலைச் சுகாதாரமாகவும் தாமதமின்றியும் இறைச்சிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அறுப்புக்கும் அங்கே போய்ச் சேர்வதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேலானால் உடல் குளிரூட்டப்பட வேண்டும். வானிலையே போதிய குளிராக இருந்தால் எந்திரக் குளிரூட்டல் வேண்டாம். வடக்கில் ஜனவரியில் திறந்த வண்டியும், தெற்கில் ஆகஸ்டில் குளிர்சாதன வண்டியும் ஒரே விதியின் இரண்டு முகங்கள்.

ஏன் இரண்டு மணி? மாட்டின் பெருவயிறு நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும் ஒரு நொதிக்கலன். விலங்கு செத்ததை அங்குள்ள நுண்ணுயிரிகள் அறியாது. ஏறத்தாழ 39 டிகிரியில் அவை தொடர்ந்து வாயுவையும் வெப்பத்தையும் உண்டாக்கும். உயிரோடிருந்தால் ஏப்பமாக வெளியேறியிருக்கும் வாயு இப்போது அடைபட்டு வயிற்றை உப்ப வைக்கும். அழுத்தம் கூடினால் பெருவயிற்றின் சரக்கு உணவுக்குழல் வழியே ஏறி, அறுத்த கழுத்துக் காயத்தில் வழியும். குடற்சுவரின் காப்பும் நேரம் போகப் போகத் தளரும். தோலும் குடலும் நீங்காத உடல் கம்பளி போர்த்திய கொதிகலன் மாதிரி. வெளியே எவ்வளவு குளிரூட்டினாலும் தொடையின் ஆழத்தில் வெப்பம் பல மணி நேரம் நிற்கும். இறைச்சியை 7 டிகிரிக்கும், உள்ளுறுப்புகளை 3 டிகிரிக்கும் கீழே கொண்டுவர வேண்டிய வேலை இறைச்சிக்கூடத்தில் தோலுரித்த பிறகுதான் உண்மையில் தொடங்குகிறது.

இதனால்தான் ஒரே ஒரு சலுகை: மருத்துவரின் கண்காணிப்பில் வயிற்றையும் குடலையும் அந்த இடத்திலேயே எடுக்கலாம். வேறெதுவும் கூடாது. தோல் உரிக்கக் கூடாது, தலையை வெட்டக் கூடாது, ஈரல், இதயம், நுரையீரல் உள்ளேயே இருக்க வேண்டும். எடுத்த வயிறும் குடலும் அந்த உடலுக்குரியவை என்று அடையாளமிடப்பட்டு அதே வண்டியில் போக வேண்டும். அவற்றைப் பண்ணையிலேயே புதைத்துவிட்டு வருபவர்கள், பரிசோதகர் கேட்டதும் திகைத்து நிற்பார்கள். குடலும் நிணநீர் முடிச்சுகளும் இல்லாமல் அந்த உடலைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது.

எடுப்பதா, விடுவதா? ஒரு மணி நேரத் தொலைவில் இறைச்சிக்கூடம் இருந்தால் வயிற்றைத் திறக்காமல் போவதே மேல். சாணியும் தூசியும் உள்ள தொழுவத்தில் ஒரு குடல் கிழிந்தால், இரண்டு மணி நேர நொதித்தலை விட அதிகக் கேடு அந்தக் கணத்தில் நடந்துவிடும். தொலைவு அதிகம், வெயில் கடுமை, நல்ல தூக்கி இருக்கிறது, உணவுக்குழலையும் மலக்குடலையும் இறுகக் கட்டத் தெரிந்தவர் இருக்கிறார் என்றால் எடுக்கலாம்.

வண்டி கழுவக்கூடியதாக, ஒழுகாததாக, மூடியதாக இருக்க வேண்டும். முந்தைய நாள் உரம் ஏற்றிய டிரெய்லரின் மேல் தார்ப்பாய் விரித்துக் கொண்டுவருவது பரவலான குறுக்குவழி. கழுத்துக் காயம் திறந்த உடலுக்கு அது ஒத்துவராது.

கூடப் போகும் தாள்கள்

இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று வளர்த்தவரின் அறிவிப்பு: விலங்கின் அடையாளம், கொடுத்த மருந்துகள், தேதிகள், காத்திருப்புக் காலங்கள். "மருந்து எதுவும் தரவில்லை" என்றால் அதையும் எழுத வேண்டும். வெற்றுக் கட்டம் பதிலாகாது. மற்றது அதிகார மருத்துவரின் சான்றிதழ். எப்போது பரிசோதித்தார், எப்போது அறுக்கப்பட்டது, அறுப்பும் ரத்தம் வடித்தலும் சரியாக நடந்தனவா, அவசர அறுப்புக்கு என்ன காரணம், கவனித்தவை என்ன என்பதெல்லாம் அதில் வரும். அதை உடலோடு அனுப்பலாம், முன்னதாக மின்னஞ்சலிலும் அனுப்பலாம். இதில் நேரக் கட்டம்தான் உயிர்நாடி. அறுத்த நேரம் எழுதப்படாத சான்றிதழை வைத்து இரண்டு மணிக் கணக்கை யாரும் சரிபார்க்க முடியாது.

குதிரை என்றால் கடவுச்சீட்டும் வேண்டும். உணவுக்கு அல்ல என்று அதில் ஒருமுறை பதிந்துவிட்டால் திரும்ப மாற்ற இயலாது. பினைல்பியூட்டசோன் என்ற வலிநிவாரணி பெற்ற குதிரை உணவுச் சங்கிலிக்கு வெளியேதான். சவாரிக் குதிரைகளில் பல இப்படிப் பதிவானவை என்பதால், குதிரையில் தாளை முதலில் பார்த்துவிட்டுத்தான் துப்பாக்கியைத் தேட வேண்டும்.

அங்கே என்ன பார்க்கிறார்கள்

தோலுரித்ததும் காயம் தன் வயதைச் சொல்லும். புதிய ரத்தக்கட்டு பளிச்சென்ற சிவப்பு. ஒரு நாளானது கருஞ்சிவப்பு. மூன்று நாளுக்கு மேலானது துருப்பிடித்த ஆரஞ்சாக, தொட்டால் சோப்புப் போல வழுவழுப்பாக இருக்கும். "இன்று காலை விழுந்தது" என்ற அறிவிப்போடு வந்த உடலில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் பேச ஒன்றுமில்லை. விலா நாளங்களில் ரத்தம் தங்கியிருப்பதும் இறந்த பிறகு கழுத்தறுத்த உடலைக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு இறைச்சியின் புளிப்பு. நன்றாக இருந்த மாட்டின் தசை 24 மணி நேரத்தில் பிஎச் 5.4 முதல் 5.8 வரை இறங்கும். வலியிலும் பயத்திலும் நெடுநேரம் போராடிய விலங்கு தசையில் சேமித்த சர்க்கரையான கிளைகோஜனைத் தீர்த்துவிட்டிருக்கும்; லாக்டிக் அமிலம் போதாமல் பிஎச் 6-க்கு மேலேயே நின்றுவிடும். அந்த இறைச்சி கருத்து, இறுகி, வறண்டு தோன்றும், விரைவில் கெடும். சந்தேகமான உடல்களில் தசை, மண்ணீரல், சிறுநீரகம் ஆகியவற்றில் நுண்ணுயிர்ப் பரிசோதனையும் மருந்து எச்சப் பரிசோதனையும் நடக்கும். அதுவரை உடல் தனியே தடுத்து வைக்கப்படும்.

மாட்டுக்குப் பிஎஸ்ஈ சோதனை தனி. சாதாரணமாக அறுக்கப்படும் ஆரோக்கியமான மாடுகளைச் சோதிப்பதைப் பல நாடுகள் 2013 முதல் நிறுத்திக்கொண்டன. அவசர அறுப்பு மாடுகளுக்கோ பெரும்பாலான உறுப்பு நாடுகளில் 48 மாத வயதுக்கு மேல் சோதனை தொடர்ந்தது. நோய் இருந்தால் இந்தக் கூட்டத்தில்தான் முதலில் தென்படும் என்பது கணக்கு. முடிவு வரும்வரை உடலின் எந்தப் பாகமும் வெளியேறாது. தலை உடலோடு வரவேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் இது: மாதிரி மூளைத்தண்டிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

எல்லாம் தாண்டிய உடலுக்கு இன்று மற்ற உடல்களுக்கு விழும் அதே நீள்வட்டச் சுகாதார முத்திரைதான் விழுகிறது. 2014 வரை அப்படியில்லை. அதுவரை இதற்குத் தனி முத்திரை, அறுத்த நாட்டுக்குள்ளேயே விற்பனை. 218/2014 ஒழுங்குமுறை அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. பரிசோதனையில் தேறிய இறைச்சிக்கு இரண்டாந்தரப் பட்டம் எதற்கு என்பது அதன் தர்க்கம். ஜெர்மனியில் இத்தகைய இறைச்சியை மலிவாக விற்க 'ஃப்ரைபாங்க்' என்ற தனிக் கடைகளே ஒரு காலத்தில் இருந்தன. தாழ்ந்த தரம் என்று அறிந்தே மக்கள் வாங்கினார்கள். இன்று சட்டத்தில் தரம் இரண்டில்லை. ஆனால் சில இறைச்சிக்கூடங்கள் கூடுதலாகச் சேரும் வேலையையும், தடுத்து வைக்கும் இடத்தையும், தொற்றிக்கொள்ளும் அழுக்கையும் கருதி அவசர அறுப்பு உடல்களை ஏற்கவே மறுக்கின்றன. எந்தக் கூடம் எந்த நேரத்தில் ஏற்கும் என்று முன்பே கேட்டு வைக்காவிட்டால், ரத்தம் வடிந்த உடலோடு நடுச்சாலையில் நிற்க நேரும்.

2021-இல் வந்த இன்னொரு வழியை இதோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. 2021/1374 ஒழுங்குமுறை, பண்ணையிலேயே ஒரே தடவையில் மூன்று மாடு வரை, அல்லது ஆறு பன்றி வரை, அல்லது மூன்று குதிரை வரை அறுக்க வழி செய்தது. 2024-இல் ஒன்பது செம்மறி அல்லது வெள்ளாடு வரை என்பதும் சேர்ந்தது. ஆனால் அது ஆரோக்கியமான, திட்டமிட்ட அறுப்புக்கு; இறைச்சிக்கூடத்தோடு ஒப்பந்தம், குறைந்தது மூன்று நாள் முன்னறிவிப்பு, அதிகார மருத்துவரின் நேரடி முன்னிலை எல்லாம் வேண்டும். மூன்று நாளுக்கு முன் அறிவித்துவிட்டு யாரும் வழுக்கி விழுவதில்லை.

வாசல் பெரிதானால்

2019 ஜனவரியில் போலந்தில் ஒரு தொலைக்காட்சி மறைமுகப் புலனாய்வு, எழ முடியாத மாடுகளைக் கயிறு கட்டி இழுத்து, மருத்துவர் இல்லாத இரவு நேரத்தில் அறுத்த இறைச்சிக்கூடத்தைக் காட்டியது. அந்த இறைச்சி பல உறுப்பு நாடுகளுக்குப் போயிருந்தது. திரும்பப் பெறும் அறிவிப்புகள் நாடு நாடாகப் பரவின. உயிரோடு பரிசோதிக்காமல், பயணத்துக்குத் தகுதியற்றதை ஏற்றி, நோயை மறைத்து அறுத்தது என்று மேலே சொன்ன ஒவ்வொரு பூட்டும் உடைக்கப்பட்ட சம்பவம் அது. எழ முடியாத மாட்டுக்கு மிகக் குறைந்த விலை, அதன் இறைச்சிக்கு வழக்கமான விலை என்ற இடைவெளி இருக்கும்வரை இந்தத் தூண்டுதல் இருக்கும்.

அமெரிக்கா வேறு முடிவெடுத்தது. 2003 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பசுவில் பிஎஸ்ஈ கண்டறியப்பட்டதும், எழ முடியாத மாடுகளை உணவுக்கு அறுப்பதை மத்திய ஆய்வு நிறுவனம் தடுத்தது. ஆய்வுக்குப் பின் திடீரெனக் காயமடைந்தவற்றுக்கு முதலில் இருந்த விதிவிலக்கையும் 2009-இல் நீக்கியது. கால் முறிந்ததா, நோயா என்று பிரித்தறிய முயலாமல், எழாத மாடு எதுவானாலும் உணவல்ல என்ற ஒரே கோடு. அமல்படுத்த எளிது, ஏமாற்ற வழி குறைவு. ஆனால் வழுக்கி விழுந்த, மற்றபடி நல்ல மாட்டின் முன்னூறு கிலோ உடல் கழிவாகிக் கொதிகலனுக்குப் போகிறது. ஐரோப்பா பிரித்தறியும் பொறுப்பை ஒரு மருத்துவரின் கண்ணிலும் ஒரு நேரக் கட்டத்திலும் வைத்திருக்கிறது.

செம்மறிக்கும் பன்றிக்கும் இந்த வழி சட்டத்தில் இருந்தாலும் நடைமுறையில் அரிது. அதிகார மருத்துவர் வந்து போகும் கட்டணம், அறுப்பவர் கூலி, வண்டி, பரிசோதனை எல்லாம் சேர்ந்தால் ஒரு ஆட்டின் விலையைத் தாண்டிவிடும். தன் வீட்டில் உண்பதற்கென்று மட்டும் அறுப்பது 853/2004-க்கு வெளியே, அந்தந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வரும். அதில் ஒரு துண்டைக்கூட விற்கவோ விருந்தினர் விடுதியில் பரிமாறவோ முடியாது.

நிபந்தனைகளில் ஒன்று தவறிய மாட்டின் உடல் விலங்குக் கழிவு விதிகளான 1069/2009 ஒழுங்குமுறைக்குள் போகிறது. மண்டையும் தண்டுவடமும் நீக்கப்படாத, ஒரு வயதைக் கடந்த மாட்டின் முழு உடல் அதில் மிகக் கடுமையான முதல் வகை. அனுமதி பெற்ற வண்டியில், அதற்கான ஆலைக்கு மட்டும் அது போகலாம். புதைக்கவும் நாய்க்குப் போடவும் கூடாது. மதிப்புள்ள சரக்காக இருந்த உடல் அந்தக் கணத்திலிருந்து, பணம் கட்டி அப்புறப்படுத்த வேண்டிய பொருளாகிறது.